ஓரம் படிக்கும் நாத்தனார்

என் நாத்தனார் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் அதன் ஓரத்தைத்தான் பார்ப்பாள். பால் பாக்கெட் கொடுத்தால் மடிப்பில் அடித்திருக்கிற எண்ணைப் படிப்பாள். புதுத் துண்டு கொடுத்தால் அவள் கண் கரையைத் தாண்டி உள்ளே வராது. கல்யாணமான புதிதில் எங்கள் ஆல்பத்தை ஆசையாக அவளிடம் நீட்டினேன். அண்ணி அழகாக இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கடைசிப் பக்கத்துப் பையிலிருந்து நெகட்டிவை உருவி, ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, போட்டோக்காரர் பூஜி பிலிம்தான் போட்டிருக்கிறார், பரவாயில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். விடிந்ததிலிருந்து உட்கார்ந்து செய்துகொண்ட அலங்காரத்தை அவள் இன்றுவரை பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே தங்கை. சின்ன வயதில் அவர் வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கூப்பிட நீளமாக இருக்கிறதென்று நாளாவட்டத்தில் கண்ணாடி போய் பூதம் மட்டும் மிஞ்சியது. அவளுக்கு அதில் கோபமே கிடையாது. "பூதம், சாப்பிட வா" என்றால் வந்து உட்காருவாள், தட்டைத் திருப்பி அடியில் எந்தக் கம்பெனி என்று பார்ப்பாள், பிறகு சாப்பிடுவாள்.

அவள் வேலையும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. ஒரு பத்திரிகை ஆபீஸில் பழைய படங்கள் வைத்திருக்கும் அறை. பல வருஷத்து நெகட்டிவ்கள் தகர டப்பாக்களிலும் பழுப்பு உறைகளிலும் அடைந்து கிடக்கின்றன. அவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். ஸ்கேன் செய்கிற மெஷினுக்கு ஒவ்வொரு பிலிமுக்கும் ஒவ்வொரு அளவு சொல்லியாக வேண்டுமாம். ஆகவே இது எந்தக் கம்பெனி, எந்த வகை, எந்தக் காலத்தது என்று முதலில் பிரித்துக் கொடுக்க ஓர் ஆள் தேவை. அந்த ஆள் எங்கள் பூதம். வெள்ளைப் பஞ்சுக் கையுறை மாட்டிக்கொண்டு, அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசையில் குனிந்து, நாளெல்லாம் ஓரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நடுவில் மந்திரி இருக்கிறாரா மாடு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது.

பிலிம் ஓரத்தில், ஓட்டைகளுக்குப் பக்கத்தில், கம்பெனி பேரும் வகையும் பொடி எழுத்தில் இருக்கும். எழுத்து இல்லாவிட்டாலும் அவள் விடமாட்டாள். அடிநிறம் ஆரஞ்சா, சாம்பலா, லேசான நீலமா என்று பார்ப்பாள். ஓட்டையின் மூலை எப்படி வளைந்திருக்கிறது என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பார்ப்பாள். பழைய பிலிமில் சில கெட்டுப்போனால் வினிகர் வாடை வீசும், பக்கத்தில் கிடக்கிற நல்லதையும் சேர்த்துக் கெடுக்கும், உடனே அதைத் தனியாக ஒதுக்க வேண்டும். ஒருமுறை என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வாங்கிவந்த போலராய்டு கூலிங்கிளாஸைக் கழற்றி இரண்டு கண்ணாடியையும் தனித்தனியாக எடுத்துவிட்டாள். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்து நடுவில் பிலிமை வைத்தால், பாலியெஸ்டர் வகையாக இருந்தால் வானவில் நிறம் தெரியுமாம். தெரிந்ததென்று எங்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. அவர் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வரன் பார்ப்பது என்ன லேசுப்பட்ட காரியமா? ஒரு மனிதர் வந்தார். எங்கள் தாத்தா காலத்தில் எங்களிடம் கார் இருந்தது, இதோ அந்தக் காலத்து நெகட்டிவ் என்று பெருமையாக நீட்டினார். இவள் தூக்கிப் பிடித்தாள். பிலிம் போன பத்து பதினைந்து வருஷத்துக்குள் வந்தது, படத்தில் அச்சுப் புள்ளி தெரிகிறது, காலண்டரையோ புத்தகத்தையோ பார்த்துத் திருப்பி எடுத்திருக்கிறார்கள் என்றாள். மனிதர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், எங்கள் வீட்டில் அது கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன்பிறகு கல்யாணப் பேச்சையே நான் எடுக்கவில்லை. வேண்டாம் என்கிறவளை இழுத்துப்பிடித்துக் கட்டிவைக்க நான் என்ன வில்லியா? அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது.

அப்போதுதான் லிஃப்ட்காரர் வந்து சேர்ந்தார். அவள் ஆபீஸ் லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனது. உள்ளே இவள், கையில் ஒரு டப்பா நெகட்டிவ். ரிப்பேருக்கு வந்தவர் வெளியிலிருந்து பயப்படாதீங்கம்மா என்று குரல் கொடுத்திருக்கிறார். இவள் உள்ளேயிருந்து லிஃப்ட் கம்பெனியின் பேரையும் மாடல் எண்ணையும் தயாரித்த வருஷத்தையும் வாசித்திருக்கிறாள். கதவோரத் தகட்டில் இருந்ததாம். இத்தனை வருஷ வேலையில் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அழுது கேட்டிருக்கிறேன், திட்டிக் கேட்டிருக்கிறேன், மாடல் நம்பர் சொல்லி இப்போதுதான் கேட்கிறேன் என்று அவர் பிறகு எங்களிடம் சொன்னார். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆனது. இதில் லிஃப்டின் தப்பு எவ்வளவு என்று நான் விசாரிக்கவில்லை.

ஒருநாள் பூதம் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, அவரை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். கரண்டி என் கையிலிருந்து விழுந்தது. ஒன்றும் வேண்டும் என்று கேட்காதவள், முதல்முறையாக ஒன்று வேண்டும் என்கிறாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த ஒன்றாவது அவள் வாயால் கெடாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிஃப்ட்காரரும் அவருடைய சித்தியும் பேசி முடிக்க வந்தார்கள். இந்தச் சித்தி அவரைப் பெற்ற தாயின் கூடப்பிறந்த தங்கை. தாய் இறந்தபோது இவருக்கு இரண்டு வயது நிறையவில்லை. பிறகு அப்பா அவளையே கட்டிக்கொண்டார், அவள்தான் வளர்த்தாள். அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஒடிசலான உடம்பு, நரைத்த தலை, வலது கன்னத்தில் ஒரு மச்சம். அதிகம் பேசவில்லை. பிஸ்கட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

பேச்சு நன்றாகத்தான் போனது. பதிவாளர் ஆபீஸில் கையெழுத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் ஒரு சாப்பாடு என்று முடிவானது. நான் மனசுக்குள் விருந்தாளிகளை எண்ண ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து லிஃப்ட்காரர் தன் பையிலிருந்து சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அது அவருடைய அம்மாவின் படம். சுவரில் தண்ணீர் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டி, முகத்தில் பாதி உரிந்து போயிருந்தது. இருந்தாலும் பூசினாற்போன்ற கன்னமும் இடது பக்கத்து மச்சமும் தெரிந்தன. வேறு படமே கிடையாதாம். தினமும் காலையில் ஷூ மாட்டும்போது இந்தப் படத்திடம் பேசிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாராம், ஒண்ணாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம். என்ன பேசுவீர்கள் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எல்லாமும்தான் என்று சிரித்தார். பள்ளிக்கூடத்துச் சண்டை, பாஸானது, பெயிலானது, சித்தி அடித்தது, சித்தி சாப்பாட்டில் உப்பை அள்ளிப் போட்டது.

"அக்கா தங்கச்சிதான், ஆனா ரெண்டு பேரும் எதிரும் புதிரும். பாருங்க, மச்சம்கூட அம்மாவுக்கு இடப்பக்கம், சித்திக்கு வலப்பக்கம்" என்றார்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். கேலியைப் பொறுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

அப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தார். அப்பாவின் சவரப் பெட்டியைத் துடைக்கும்போது அடியில் கிடைத்ததாம். அந்தப் படத்தின் நெகட்டிவ். தனியாக நறுக்கின ஒற்றைத் துண்டு, தீப்பெட்டி அளவு. இதைப் பெரிசாகப் போட்டுக் கல்யாணச் சாப்பாட்டன்று ஹாலில் எல்லாருக்கும் முன்னால் வைக்க வேண்டும், எங்கள் அம்மா இருந்து நடத்திக் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்றார். பிறகு என் நாத்தனாரைப் பார்த்து, "என்ன பிலிம், எந்த வருஷம்னு உங்க வாயால சொல்லுங்க" என்றார்.

அவள் கையுறையை மாட்டினாள். கைப்பையில் கையுறை வைத்திருக்கிறாள், பெண்பிள்ளை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். பார்த்தாள். கையைத் தாழ்த்தினாள். அம்மா எப்போது தவறிப்போனார் என்று கேட்டாள். எழுபத்துநாலில் என்றார் அவர். மறுபடி தூக்கிப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது. எனக்குத் தெரியும் அந்தக் காது. காலண்டர் காரைப் பார்த்தபோதும் இப்படித்தான் சிவந்தது.

சொல்லாதே என்று மேசைக்கடியில் ஓர் உதை விட்டேன். என் வீட்டுக்காரர் ஐயோ என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் என் நாத்தனார் அந்தச் சித்தியைப் பார்த்ததை நான் பார்த்தேன். சித்தியின் கையில் பிஸ்கட் நொறுங்கிக் கிடந்தது.

பூதம் நெகட்டிவைக் கீழே வைத்தாள். "பேரு அழிஞ்சுபோச்சு. என்ன பிலிம்னு தெரியலை. படம் நல்லாப் போடலாம்" என்றாள்.

தெரியலை என்று அவள் சொல்லி இந்த வீட்டுச் சுவர்கூடக் கேட்டதில்லை. அட, என் கண்ணே, கடைசியில் உனக்கும் பொய் சொல்ல வந்துவிட்டதே என்று உள்ளுக்குள் அவளைக் கட்டிக்கொண்டேன். உடனே பேச்சை மாற்ற இன்னொரு சுற்று காபி போடட்டுமா என்று எழுந்தேன்.

லிஃப்ட்காரர் எழவில்லை. நெகட்டிவை ஓரமாகப் பிடித்து எடுத்தார், அவள் சொல்லிக் கொடுத்தபடி. ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் நாத்தனாருக்கு அதற்குச் சோறே போதவில்லை.

"இல்ஃபோர்டு. எச், பி, அஞ்சு" என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். "கொட்டை எழுத்துல இருக்கே. இது பேரு இல்லையா?"

அவர் இன்னும் கையைத் தாழ்த்தவில்லை. எழுத்து நேராகப் படிக்க வருகிற பக்கம்தான் படத்துக்கும் நேர்ப் பக்கம் என்று அவரிடம் அவள் என்றைக்கோ சொல்லியிருக்கிறாள், பாவி. அவர் நேராகப் பிடித்து முகத்தைப் பார்த்தார். நெகட்டிவில் முகம் கறுப்பாகத்தான் இருக்கும், கறுப்பு மச்சம் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அந்த வெள்ளைப் புள்ளி வலது கன்னத்தில் இருந்தது.

அவர் சட்டம் போட்ட படத்தைப் பார்த்தார், நெகட்டிவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஸ்டுடியோக்காரர் யாரோ பிலிமைப் புரட்டிப் போட்டு அச்சடித்திருக்கிறார். மழமழப்புப் பக்கமும் மங்கல் பக்கமும் மாறிவிட்டால் இடது வலது மாறிப்போகும் என்று என் நாத்தனார் மெதுவாகச் சொன்னாள். அதாவது உண்மையில் மச்சம் வலது பக்கம்தான்.

அவர் படத்தையெல்லாம் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னுதான் உங்களைக் கட்டிக்கணும்னு நினைச்சேன். இப்ப சொல்லுங்க" என்றார்.

போச்சு, எல்லாம் போச்சு. சொன்னாலும் கெட்டது, சொல்லாவிட்டாலும் கெட்டது. என் வீட்டுக்காரர் முழங்காலைத் தடவுவதை நிறுத்திவிட்டார். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அழுகையை அடக்கினால் அவளுக்கு மூக்கு நுனி துடிக்கும், துடித்தது.

"எச்பி நாலுதான் முன்னாடி இருந்தது. அஞ்சு வந்ததே எழுபத்தாறு வாக்கிலதான்" என்றாள். "பழைய பிலிம்ல பின்னாடி எப்ப வேணா படம் எடுக்கலாம். வராத பிலிம்ல முன்னாடியே எடுக்க முடியாது. இது உங்க அம்மா இல்லைங்க."

தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் உதைபட்டுக்கொண்டிருந்தது. அவர் மெள்ளத் தலையைத் திருப்பி, பக்கத்து நாற்காலியில் இருந்த வலது கன்னத்து மச்சத்தைப் பார்த்தார். ஒட்டிப்போன கன்னம்தான், நரைத்த தலைதான். ஆனால் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. சட்டத்துக்குள் இருந்த பெண் எங்கள் எதிரில் உட்கார்ந்து பிஸ்கட் தூளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவுக்குப் படமே கிடையாது தம்பி" என்றாள் சித்தி. "எடுக்க வழியில்லை. ஒண்ணாம் வகுப்புல யாரோ உங்கிட்ட உனக்கு அம்மா இல்லேன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாளா சாப்பிடலை நீ. அம்மா மூஞ்சி எப்படி இருக்கும், காட்டு, காட்டுன்னு ஒரே அழுகை. எங்கிட்ட இருந்தது இந்த ஒரு படம்தான். அதைக் காட்டினேன். நீ சாப்பிட்டே. உங்கப்பாவும் சரி இருந்துட்டுப் போகட்டும்னுட்டார்."

உன்னை மாதிரியே இருக்கிறாளே என்று அவன் கேட்டானாம், அக்கா தங்கச்சி என்றால் ஜாடை இருக்கும் என்று சொல்லிச் சமாளித்தாளாம். மச்சம் மாறியிருந்தது அவளுக்கு நல்லதாய்ப் போயிற்று. அதன்பிறகு காய்ச்சல் வந்து உடம்பு இளைத்தது, வயசும் ஏறியது, ஜாடையும் போனது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்திருக்கிறாள். தினமும் காலையில் அவன் அந்தப் படத்தின் முன் நின்று பேசுகிறதைக் கேட்டால் வாய் அடைத்துப்போகுமாம். சமையலறை அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான்.

லிஃப்ட்காரரின் முகம் வெளுத்தது. "எல்லாம் கேக்குமா?" என்றார்.

"ஒரு சொல் விடாம. அடிச்சதை எங்கிட்டயே கோள் சொல்லுவே. உப்பு அதிகம்னு சொன்னே, குறைச்சுப் போட்டேன். சைக்கிள் வேணும்னு கேட்டே, அப்பாவை நச்சரிச்சு வாங்கிக் கொடுத்தேன். பரீட்சை நாளைக்கு, சீக்கிரம் எழுப்பிவிடும்மான்னு படத்துக்கிட்ட சொல்லிட்டு நீ பாட்டுக்குத் தூங்கிடுவே. எழுப்பினது யாருன்னு நினைச்சே?"

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மேற்கூரையைப் பார்த்தார். அவர் அழுவதென்றால் மேற்கூரையைத்தான் பார்ப்பார். பூதம் மட்டும் கையுறையைக் கழற்றாமல் நின்றாள், எல்லாவற்றையும் தானே உடைத்துவிட்ட மாதிரி. கையில் கிடைத்ததைத் தவறவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் எழுந்தார். வாசலுக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. சித்தியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றார். நின்ற விதம் விசித்திரமாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தைக் கொஞ்சம் தூக்கி, பிறகு அவள் உட்கார்ந்திருக்கிறாள் என்பது நினைவு வந்து கீழே குனிந்தார். தொண்டையைச் செருமினார். என் நாத்தனாரைக் கைகாட்டினார்.

"இவங்களை எனக்குப் பிடிச்சிருக்கும்மா. கட்டிக்கட்டுமா?"

சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதைத்தான் போன மாசமே சொல்லிட்டியே" என்றாள். "நான் அன்னிக்கே சரின்னுட்டேன். உனக்குக் கேட்டிருக்காது."